கடல்தரை: ‘சீபெட்’ என்ற சொல்லும் அதன் புழக்கமும் – வாசகர் கேள்வி பதில்

ஆழ்கடல் கனிமங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது ‘சீபெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஓரிடத்தில் ‘கடற்படுகை’ என்றும், வேறோர் இடத்தில் ‘கடலடி’ என்றும் போட்டிருந்தோம். அதைச் சுட்டிக்காட்டி வந்த கடிதங்கள் சொல்லோடு நிற்கவில்லை. நங்கூரம், ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் கருவி, கடல் சட்டம் வரை கேள்விகள் போயிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே பதில் தருகிறோம்.

மதுரை வாசகர்: ‘சீபெட்’, ‘சீ ஃப்ளோர்’, ‘ஓஷன் ஃப்ளோர்’, ‘பாட்டம்’ ஆகிய நான்குக்கும் அகராதியில் ‘கடலின் அடி’ என்றே இருக்கிறது. நான்கும் ஒன்றுதானா? தமிழில் எதை எழுதுவது?

குறிக்கும் இடம் ஒன்றுதான். நீர் முடிந்து மண்ணோ பாறையோ தொடங்கும் பரப்பு அது. ஆனால் யார் எந்தச் சொல்லை எடுக்கிறார்கள் என்பதில் வேறுபாடு உண்டு. அது தெரியாமல் மாற்றிப் போட்டால் துறை அறிந்தவருக்கு உடனே உறுத்தும்.

‘சீபெட்’ சட்டம், கப்பல், எண்ணெய்க் குழாய், கேபிள், மீன்பிடி ஆகியவற்றின் சொல். கடல் சட்டப்படி 1994-இல் அமைந்து, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரிலிருந்து இயங்கும், ஆழ்கடல் தாதுக்களைக் கவனிக்கும் பன்னாட்டு ஆணையத்தின் பெயரில் இருப்பது ‘சீபெட்’. அதை ‘சீ ஃப்ளோர்’ ஆணையம் என்று யாரும் எழுதுவதில்லை. ‘சீ ஃப்ளோர்’ புவியியலாளரின் சொல். நடுக்கடல் மலைத்தொடரில் புதுப் பாறை உருவாகி, தரை இருபுறமும் நகர்ந்து போவதற்கு ராபர்ட் டீட்ஸ் 1961-இல் ‘சீ ஃப்ளோர் ஸ்ப்ரெடிங்’ என்று பெயர் வைத்தார். ஹாரி ஹெஸ்ஸும் அதே கருத்தை 1962-இல் விரிவாக வெளியிட்டார். அங்கே ‘சீபெட்’ என்று போட்டால் தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும். ‘ஓஷன் ஃப்ளோர்’ என்றால் கரையை ஒட்டிய ஆழமற்ற திட்டு நினைவுக்கு வராது. அதைத் தாண்டி, ஆயிரக்கணக்கான மீட்டர் கீழே கிடக்கும் தரைதான் நினைவுக்கு வரும். ‘பாட்டம்’ மாலுமியும் மீனவரும் முக்குளிப்பவரும் நாள்தோறும் சொல்வது.

எழுத்துக்கூட்டலில் ‘சீபெட்’ இன்று ஒரே சொல். பழைய நூல்களில் நடுவில் சிறுகோடு இருக்கும், பிரித்து எழுதியதும் உண்டு. மூன்றும் பிழையில்லை, ஒரே கட்டுரையில் கலக்காமல் இருந்தால் போதும். பெரும்பாலும் முன்னால் ‘த’ என்ற ஆங்கிலச் சுட்டைச் சேர்த்து ஒருமையில்தான் வரும். பன்மை அரிது. ‘ஆய்ஸ்டர் பெட்ஸ்’ என்று சிப்பிக்குப் பன்மை போடுகிறார்களே என்றால், அங்கே ‘பெட்’ என்பது ஒரு உயிரினம் திரளாகக் கிடக்கும் இடம். நிலக்கரிக்கு ‘பெட்’ என்றால் ஓர் அடுக்கு. ‘பெட்ராக்’ என்பதும் கடல்தரையைக் குறிக்காது. மேலே கிடக்கும் மண் அத்தனையையும் நீக்கினால் கடைசியில் தட்டுப்படும் அடிப்பாறை அது. வங்காள விரிகுடாவில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மலைக்க வைக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கே தரையாகக் கிடக்கிறது. வடக்கே சில இடங்களில் அதன் தடிமன் 15 கிலோமீட்டருக்கும் மேல்.

இனி தமிழ். ‘கடற்படுகை’ பரவலாக இருக்கிறது. ஆணையத்தின் பெயர், ஒப்பந்தத்தின் பெயர் போன்றவற்றில் அதையே விட்டுவிடலாம். மற்ற இடங்களில் எங்களுக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. ‘காவிரிப் படுகை’ என்று எழுதும்போது ‘பேசின்’ என்ற வேறொரு பொருளைச் சொல்கிறோம். எண்ணெய் நிறுவனங்கள் பேசும் காவிரிப் படுகை நிலத்திலும் உண்டு, கடலுக்கு அடியிலும் நீள்கிறது, கீழே பல கிலோமீட்டர் வண்டலையும் உள்ளடக்கியது. ‘காவிரிப் படுகையின் கடற்படுகையில்’ என்று ஒரு வாக்கியம் வந்தால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்? பரப்பைச் சொல்லும்போது ‘கடல்தரை’ என்று எழுதுங்கள். நம் கடற்கரையில் இந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது. சேற்றுத்தரை, மணல்தரை என்று மீனவர்கள் பிரித்துச் சொல்வார்கள். பாறைத்தரைக்குப் ‘பார்’ என்று தனிப் பெயரே உண்டு. முத்துச்சிப்பி விளைந்த ‘முத்துப்பார்’களும், தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள ‘தோலாயிரம் பார்’ போன்ற பெயர்களும் இந்த வழக்கில் வந்தவை. தரைக்குக் கீழே உள்ளது ‘அடிமண்’. ‘படுகை’யைப் ‘பேசி’னுக்கு விட்டுவிடலாம்.

திருச்சி வாசகி: ‘ஆன் த சீபெட்’, ‘இன் த சீபெட்’, ‘அண்டர் த சீபெட்’, ‘பிலோ த சீபெட்’: எதை எப்போது?

‘ஆன்’ என்றால் தரைமேல் கிடக்கிறது. மூழ்கிய கப்பல், நங்கூரம், சங்கு எல்லாம் ‘ஆன்’. ‘இன்’ என்றால் தரை மண்ணில் பதிந்திருக்கிறது, அல்லது புதைத்திருக்கிறது. ‘அண்டர்’, ‘பிலோ’ இரண்டும் மண்ணுக்கும் கீழே. எண்ணெய்க் கிணற்றின் ஆழத்தைத் தரையிலிருந்து அளந்து ‘பிலோ சீபெட்’ என்பார்கள். ‘பிலோ சீ லெவல்’ என்பது கடல்மட்டத்திலிருந்து அளந்தது. 800 மீட்டர் நீருக்குக் கீழே 2,000 மீட்டர் துளைத்த கிணறு முதல் கணக்கில் 2,000, இரண்டாவது கணக்கில் 2,800. செய்தியை மொழிபெயர்க்கும்போது எண்ணை மட்டும் எடுத்து ‘கடலுக்கு அடியில் 2,800 மீட்டர்’ என்று எழுதினால், அவ்வளவும் நீரின் ஆழம் என்று வாசகர் எண்ணிவிடுவார்.

இந்த ‘ஆன்’, ‘இன்’ வேறுபாட்டை நேரில் காண வேண்டுமானால் இணையக் கேபிளைப் பாருங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020-இல் தொடங்கி வைத்த கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். இப்படிப்பட்ட கேபிள் ஆழ்கடலில் தரைமேல் சும்மா கிடக்கும். அங்கே அதன் குறுக்களவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான். நடுவே முடியளவு கண்ணாடி இழைகள், சுற்றிலும் எஃகுக் கம்பி, மின்சாரம் கொண்டுபோகச் செம்பு, மேலே பாலிஎதிலீன் உறை, அவ்வளவுதான். கரையை நெருங்க நெருங்க ஒரு சுற்று, இரண்டு சுற்று எஃகுக் கவசம் ஏறி, குறுக்களவு 5 சென்டிமீட்டர் வரை போகும். மண் இடம் கொடுக்கும் பகுதிகளில் கப்பல் ஒரு கலப்பையை இழுத்துப் போய்த் தரையைக் கீறி, அதே கையோடு கேபிளை உள்ளே இறக்கும். ஒரு மீட்டர் ஆழம் வழக்கமான இலக்கு. ஆபத்து அதிகமான இடத்தில் இன்னும் ஆழமாகப் புதைப்பார்கள்.

ஏன் இந்தப் பாடு? உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் நேர்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இழுவைமடியாலும் நங்கூரத்தாலும் வருபவை. இரண்டும் ஆழம் குறைந்த கடலின் வேலைகள். பாறைத்தரையில் கலப்பை இறங்காது. அங்கே கேபிளுக்குக் கவசம் மட்டுமே காவல். இரண்டு மேடுகளுக்கு நடுவில் அது தொங்கி நின்றால் நீரோட்டத்தில் ஆடி ஆடித் தேய்ந்து அறுந்துபோகும். அதனால்தான் கேபிள் போடுமுன் தரையின் வரைபடத்தை எடுத்துவிட்டுப் பாதையைத் தேர்கிறார்கள்.

பழுது பார்ப்பது எப்படி என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறார். கரை நிலையத்திலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துப் பழுது எந்தத் தொலைவில் இருக்கிறது என்று கணிப்பார்கள். கப்பல் அங்கே போய்க் கொக்கியை இறக்கிக் கேபிளை அறுத்து, ஒரு முனையைத் தூக்கிச் சோதித்து, மிதவையில் கட்டிவிடும். பிறகு மறுமுனையைத் தூக்கும். தரையில் கிடக்கும் கேபிளில் மேலே வருமளவு தளர்ச்சி இருக்காது. எனவே நீரின் ஆழத்தைப் போல் இருமடங்குக்குக் குறையாத புதுத் துண்டை இடையில் ஒட்ட வேண்டியிருக்கும். 3,000 மீட்டர் ஆழத்தில் பழுதென்றால் 6 கிலோமீட்டர் கேபிள். மிச்ச நீளத்தை ஒரு பக்கமாக வளைத்துத் தரையில் படுக்க வைப்பார்கள்.

புதுச்சேரி வாசகர்: முக்குளிப்புப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘பாட்டம் டைம்’ என்பதைத் ‘தரையில் இருந்த நேரம்’ என்று எழுதலாமா?

தயவுசெய்து வேண்டாம். இது உயிர் சம்பந்தப்பட்ட இடம். நீர்ப்பரப்பை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கிய நொடியிலிருந்து, மேலே ஏறத் தொடங்கும் நொடி வரைக்கும் உள்ள மொத்த நேரம்தான் ‘பாட்டம் டைம்’. இறங்குவதற்கு 4 நிமிடம், கீழே 16 நிமிடம் என்றால் ‘பாட்டம் டைம்’ 20. உங்கள் மொழிபெயர்ப்பைப் படித்தவர், ஏறும்போது எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று சொல்லும் அட்டவணையில் 16 நிமிடத்தைப் பார்த்து அதற்கேற்ற ஓய்வோடு மேலே வந்துவிடுவார். உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி, மூட்டுவலியில் தொடங்கி முடக்குவாதம் வரை போகலாம். ‘இறங்கியது முதல் ஏறத் தொடங்கும் வரையிலான நேரம்’ என்று நீளமாகவே எழுதுங்கள். அந்த முக்குளிப்பவர் தரையைத் தொட்டிருக்கவே தேவையில்லை என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

தூத்துக்குடி வாசகர்: எங்கள் படகில் எக்கோ சவுண்டர் இருக்கிறது. தரை சேறா, மணலா, பாரா என்பதைத் திரையைப் பார்த்தே சொல்ல முடியுமா? சில நேரம் தரைக்குக் கீழே இன்னொரு தரை தெரிகிறதே, அது என்ன?

சொல்லலாம். ஆனால் கருவி என்ன செய்கிறது என்பது மனதில் இருக்க வேண்டும். அது ஒலித்துடிப்பை அனுப்பி, திரும்பும் நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுக்கிறது. வேகம் வினாடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்தால், 0.1 வினாடியில் எதிரொலி வந்தால் ஆழம் 75 மீட்டர்.

நீங்கள் கேட்ட இரண்டாவது தரைதான் மிகப் பயனுள்ள தடயம். தரையில் பட்டுத் திரும்பிய ஒலி நீர்ப்பரப்பில் மோதி மறுபடி கீழே போய், மறுபடி திரும்புகிறது. அதனால் சரியாக இருமடங்கு ஆழத்தில் இன்னொரு கோடு விழும். தரை 20 மீட்டரில் என்றால் அது 40 மீட்டரில் தெரியும். பாறையும் இறுகிய மணலும் ஒலியை வலுவாகத் திருப்புவதால் இந்த இரட்டைக் கோடு தெளிவாக வரும். சேறு ஒலியை விழுங்கிவிடும். அங்கே முதல் கோடே மங்கலாக இருக்கும், கீழே வால்போல் கலங்கி நீளும், இரண்டாவது கோடு வராது, வந்தாலும் மெலிந்திருக்கும். பார் என்றால் கோடு கரடுமுரடாக ஏறி இறங்கும். தட்டையாக, அழுத்தமாக, இரட்டைக் கோட்டோடு இருந்தால் பெரும்பாலும் மணல்.

இந்த முடிவு எங்கே தவறும்? எதிரொலியைப் பெருக்கும் அளவை மாற்றும் ‘கெயின்’ பொத்தானைக் கூட்டி வைத்தால் சேறும் பாறைபோல் தடித்துத் தெரியும், இரட்டைக் கோடும் வரும். தானியங்கி முறையில் விட்டால் கருவியே அதை மாற்றிக்கொண்டிருக்கும். தரையை ஒப்பிடுவதென்றால் ‘கெயி’னை ஓர் அளவில் நிறுத்திவிட்டு, உங்களுக்கு நன்கு தெரிந்த சேற்றுத்தரையின் மேலும் பாரின் மேலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, திரையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவிலேயே மற்ற இடங்களைப் பாருங்கள். இளகிய சேறு இருக்கும் முகத்துவாரங்களில் அலைவெண்ணும் குழப்பும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி சேற்றின் மேல்பரப்பிலேயே திரும்பும். 50 கிலோஹெர்ட்ஸ் உள்ளே நுழைந்து கீழே இறுகிய அடுக்கில் திரும்பும். ஒரே இடத்தில் இரண்டு ஆழம் காட்டுவது கருவிப் பழுது இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இளகிய சேற்றின் தடிமன்.

ஒலி கீழே போகப் போக விரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். விரிகோணம் 12 பாகையாக இருந்தால், 40 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 8 மீட்டர் அகலத் தரையைத்தான் கருவி ஒரே புள்ளியாகப் பார்க்கிறது. 40 பாகையென்றால் 29 மீட்டர். அந்த வட்டத்துக்குள் மிக அருகில் இருக்கும் மேடுதான் முதலில் பதில் சொல்லும். எனவே ஒரு சிறு பாறை உண்மையைவிட அகலமான குவியலாகத் தெரியும், குறுகிய பள்ளம் தெரியாமலே போகும். சரிவில் எப்போதும் ஆழம் குறைத்துத்தான் காட்டும்.

ஆழ எண்ணிலும் இரண்டு பிழைகள் வரும். ஒன்று, ஒலிவாங்கி நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே பொருத்தியிருந்தால், அந்த ஒரு மீட்டரைக் கருவியில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மற்றொன்று, நம் கடலில் 28 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் 1,540 மீட்டரை ஒட்டி இருக்கும். கருவி 1,500 என்று வைத்துக் கணக்கிட்டால் 40 மீட்டரை 39 என்று காட்டும். குறைத்துக் காட்டுவதால் படகுக்கு ஆபத்தில்லை. ஆனால் வலையின் கயிற்றை அந்த எண்ணை வைத்து அளந்தால் தரை எட்டாது. பின்னோக்கி ஓட்டும்போதும் அலை எழும்பும்போதும் ஒலிவாங்கிக்குக் கீழே காற்றுக்குமிழ் சேர்ந்து கோடு அறுந்து போவதுண்டு. அதைப் பார்த்துக் கருவியைக் கழற்ற வேண்டாம்.

சந்தேகம் தீர வேண்டுமானால் பழைய வழிதான் நிச்சயம். ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அப்பிக் கயிற்றில் இறக்குங்கள். மணலோ கிளிஞ்சலோ ஒட்டிக்கொண்டு வரும். சேறு பூசிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாமல், கொழுப்பு நசுங்கி வந்தால் பாறை. பாகக் கணக்கில் ஆழமும் கூடவே கிடைத்துவிடும். ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம், ஏறக்குறைய 1.8 மீட்டர்.

நாகப்பட்டினம் வாசகர்: கடல் வரைபடத்தில் ஆழ எண்களுக்கு நடுவில் ஓரெழுத்து, ஈரெழுத்துக் குறிகள் வருகின்றன. அவை தரையைப் பற்றியவையா? நங்கூரம் இறக்க அவை உதவுமா?

தரையைப் பற்றியவைதான். டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவு அலுவலகம் வெளியிடும் வரைபடங்களும் உலக வழக்கையே பின்பற்றுகின்றன. ‘எஸ்’ மணல், ‘எம்’ சேறு, ‘சி-ஒய்’ களிமண், ‘எஸ்-ஐ’ வண்டல், ‘ஜி’ சரளை, ‘ஆர்’ பாறை, ‘சி-ஓ’ பவளம், ‘எஸ்-எச்’ கிளிஞ்சல். முன்னால் சிற்றெழுத்து ‘எஃப்’ வந்தால் நுண்ணியது, ‘சி’ வந்தால் பருமன், ‘எஸ்-ஓ’ மென்மை, ‘எச்’ கடினம். ‘எஸ்’, சாய்கோடு, ‘எம்’ என்று இருந்தால் மேலே மணல், அதற்கடியில் சேறு. இந்தச் சாய்கோட்டைப் பலர் ‘மணல் அல்லது சேறு’ என்று படித்துவிடுகிறார்கள். அப்படி அல்ல, மேலடுக்கை முதலில் எழுதும் முறை அது.

நங்கூரத்துக்கு உகந்தது மணலும் இறுகிய சேறும். மிக இளகிய சேற்றில் நங்கூரம் கத்திபோல் அறுத்துக்கொண்டே வரும், கூடுதல் கயிறு விட வேண்டும். கடற்புல் தரையில் நுனி மண்ணைத் தொடாமல் புல்மேல் வழுக்கும். சில நேரம் ஒரு கற்றை புல்லை வாரிக்கொண்டு, பிடித்துவிட்டதுபோல் ஏமாற்றும். பாக் விரிகுடாவில் இதைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் புல்தான் கடற்பசுவின் உணவு. நங்கூரம் பிய்த்த இடத்தில் புல் மறுபடி வேர்விடப் பல காலம் ஆகும்.

பாறையில் நங்கூரம் ஒன்று பிடிக்காது, அல்லது விடாது. இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால், நங்கூரத்தின் தலைப்பகுதியில் தனிக்கயிறு கட்டி மிதவையோடு விடுங்கள். சிக்கினால் அந்தக் கயிற்றைப் பிடித்து எதிர்ப்பக்கமாக இழுத்தால் கழன்று வரும். பவளத்தின்மேல் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

எவ்வளவு நீளம் விடுவது? நீரின் ஆழத்தை மட்டும் பெருக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆழம் 10 மீட்டர், படகின் முகப்பு நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர், வரவிருக்கும் ஓத ஏற்றம் 1 மீட்டர் என்றால் கணக்குக்கு 12 மீட்டர். சங்கிலி என்றால் அதைப்போல் 5 மடங்கு, அதாவது 60 மீட்டர். கயிறு என்றால் 7 மடங்கு, 84 மீட்டர். காற்று ஏறினால் இன்னும் விடுங்கள். பிறகு மெதுவாகப் பின்னோக்கி இழுத்து, கயிற்றில் கை வைத்துப் பாருங்கள். நங்கூரம் தரையை உழுதுகொண்டு வந்தால் கயிறு அதிரும். பிடித்திருந்தால் விறைப்பாக, அசையாமல் நிற்கும். கரையில் ஒரே வரிசையில் தெரியும் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்தும் அவை விலகாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

சென்னைச் சட்டக் கல்லூரி மாணவி: கடல் சட்டத்தில் ‘சீபெட் அண்ட் சப்சாயில்’ என்று ஒவ்வொரு முறையும் சேர்த்தே வருகிறது. ஒரே பொருளை இருமுறை சொல்வதா? சங்கு எடுப்பது எதில் வரும்?

ஒரே பொருள் இல்லை. ‘சீபெட்’ தரைப்பரப்பு, ‘சப்சாயில்’ அதற்கடியில் உள்ள மண். ஒன்றை மட்டும் எழுதினால், பரப்பில் கிடக்கும் தாதுவா, துளைத்து எடுக்கும் எண்ணெயா என்று வழக்கு வரும். அதனால்தான் இரண்டையும் எழுதுகிறார்கள். மேலே உள்ள நீருக்கு மூன்றாவதாகத் தனிச் சொற்றொடர் உண்டு. இந்த மூன்றையும் பிரித்துப் படிக்காவிட்டால் 1982 ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் பாதி புரியாது.

கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மூன்றுமே நாட்டின் இறையாண்மைக்குள் வரும். 200 கடல்மைல் வரை மூன்றின் வளங்களின் மீதும் உரிமை உண்டு. அதற்கப்பால்தான் சுவையான நிலை: கண்டத்திட்டு, அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலத்தின் தொடர்ச்சி, 200-ஐத் தாண்டி நீண்டால், அதற்கென உள்ள வேறொரு ஆணையத்திடம் சான்று காட்டி, பொதுவாக 350 கடல்மைல் வரை தரையையும் அடிமண்ணையும் கரைநாடு கேட்கலாம். மேலே உள்ள நீரோ யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல். ஒரே இடத்தில் நீரில் நீந்தும் சூரையை எந்த நாட்டுக் கப்பலும் பிடிக்கலாம், தரையைத் தொட வேண்டுமானால் கரைநாட்டின் ஒப்புதல் வேண்டும்.

வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்கு, அந்த ஒப்பந்தத்தை உருவாக்கிய மாநாட்டின் இறுதி ஆவணத்தில் தனி ஏற்பாடே இருக்கிறது. இமய வண்டல் அங்கே வெகுதூரம் பரவியிருப்பதால் வழக்கமான வாய்பாடு இலங்கைக்குப் பெரும் இழப்பாகும் என்று வாதிடப்பட்டது. வண்டலின் தடிமன் 1 கிலோமீட்டருக்குக் குறையாத இடம் வரை எல்லை வகுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவும் இலங்கையும் 2009 மே மாதம் தங்கள் கோரிக்கைகளை அளித்தன. அடிமண்ணின் தடிமனை வைத்துத் தரையின் உரிமையைத் தீர்மானிப்பது இது.

சங்குக்கு வருவோம். ஒப்பந்தத்தின் 77-ஆம் பிரிவு கண்டத்திட்டின் வளங்களில் தாதுக்களோடு சில உயிரினங்களையும் சேர்க்கிறது. பிடிக்கும் பருவத்தில் தரைமேலோ தரைக்கடியிலோ அசையாமல் இருப்பவை, அல்லது தரையைத் தொட்டுக்கொண்டே அல்லாமல் நகர முடியாதவை. முத்துச்சிப்பி முதல் வகை. சங்கும் கடலட்டையும் ஊர்ந்து போவதால் இரண்டாம் வகை. எனவே சட்டத்தின் கண்ணில் இவை தரையின் வளம். இறால் நீந்தும், ஆகையால் இதில் வராது. சிங்கி இறால் எதில் சேரும் என்பதை வைத்து 1960-களின் தொடக்கத்தில் பிரேசிலும் பிரான்சும் போர்க்கப்பல் அனுப்பும் அளவுக்கு மோதிக்கொண்டன. தரையில் நடப்பது என்றது பிரேசில், நீந்துவது என்றது பிரான்ஸ். ஒன்றை மறக்க வேண்டாம்: வகைப்பாடு வேறு, எடுக்கும் உரிமை வேறு. கடலட்டையை 2001 முதல் இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

சேலம் வாசகர்: கூகுள் வரைபடத்தில் கடல்தரை முழுக்கத் தெரிகிறது. அப்படியிருக்க நான்கில் மூன்று பங்கு இன்னும் அளக்கவில்லை என்கிறார்களே?

இரண்டும் உண்மை. செயற்கைக்கோளின் ரேடார் கடல்நீரை ஊடுருவாது. அது அளப்பது நீர்ப்பரப்பின் உயரத்தை. கடலடி மலையின் ஈர்ப்பு சுற்றியுள்ள நீரைத் தன்பக்கம் இழுப்பதால், 2,000 மீட்டர் மலைக்கு மேலே நீர்ப்பரப்பு ஏறக்குறைய 2 மீட்டர் புடைத்திருக்கும். அதிலிருந்து தரையைக் கணிக்கிறார்கள். சில கிலோமீட்டருக்குக் குறைவான எதுவும் அதில் தெரியாது. நீங்கள் பார்க்கும் படத்தில் சில கோடுகள் மட்டும் கூர்மையாக, நேராக ஓடுவதைக் கவனியுங்கள். அவை உண்மையிலேயே கப்பல் போய் ஒலியால் அளந்த தடங்கள். கப்பல் அளவீட்டால் முழுத் தரையையும் நிரப்ப 2017-இல் தொடங்கிய ‘சீபெட் 2030’ திட்டம் 2025 நடுப்பகுதியில் 27.3 விழுக்காட்டை எட்டியிருந்தது. காணாமல்போன மலேசிய விமானத்தைத் தெற்கு இந்தியப் பெருங்கடலில் தேடியபோது, விமானத்தைத் தேடுமுன் தரையையே முதலில் அளக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

கோவை மாணவர்: மத்திய இந்தியப் பெருங்கடலில் உலோக உருண்டைகள் ‘புதைந்து’ கிடப்பதாகப் படித்தேன். தோண்டித்தான் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். அவை தரைமேல், அரைவாசி சேற்றில் பதிந்து கிடக்கின்றன. ஆழம் 5,000 முதல் 6,000 மீட்டர். மாங்கனீசு நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, நிக்கலும் செம்பும் ஏறக்குறைய ஒவ்வொரு விழுக்காடு, கோபால்ட் அதில் பத்தில் ஒரு பங்கு. வளர்ச்சி பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். முதலில் சொன்ன கிங்ஸ்டன் ஆணையத்தோடு 2002-இல் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு 75,000 சதுர கிலோமீட்டரில் ஆய்வுரிமை இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தன் ‘வராஹா’ ஊர்தியை 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்தில் தரையில் ஓட்டிச் சோதித்தது. மூவரை 6,000 மீட்டருக்கு இறக்கும் ‘மத்ஸ்யா’ நீர்மூழ்கியும் அங்கேதான் உருவாகிறது. அந்த ஆழத்தில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் 600 மடங்கு. அதைத் தாங்க 2.1 மீட்டர் குறுக்களவுள்ள டைட்டானியக் கோளத்தின் சுவரை 80 மில்லிமீட்டர் தடிமனில் செய்கிறார்கள்.

தோண்டாவிட்டாலும் கேடு உண்டு. உருண்டையை அள்ளும்போது மேல் சில சென்டிமீட்டர் சேறும் கிளம்பும். தரையின் உயிர்கள் பெரும்பாலும் அந்த மேலடுக்கில்தான் இருக்கின்றன. பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடலில் 1989-இல் சோதனைக்காகக் கலப்பையால் கீறிய தடங்கள் 26 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அப்படியே இருந்தன. வணிக முறையில் அள்ளுவதற்கான விதிகள் மீது ஆணையத்தில் நடக்கும் பேச்சு 2025-இலும் முடியவில்லை. அவசரப்படாமல் இருப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

இராமேசுவரம் வாசகி: ‘பென்திக்’, ‘டெமர்சல்’ இரண்டும் தரையோடு சேர்ந்தவைதானே?

‘பென்திக்’ தரையிலேயே வாழ்வது: சங்கு, சிப்பி, கடலட்டை, பவளம். ‘டெமர்சல்’ தரையை ஒட்டி நீந்துவது, அங்கே இரை தேடுவது: சங்கரா, கிழங்கான், திருக்கை. மத்தி, நெத்திலி, அயிலை போல நடுநீரிலும் மேல்நீரிலும் திரிபவை ‘பெலாஜிக்’. மீன்வளப் புள்ளிவிவரத்தில் ‘டெமர்சல்’ என்று வந்தால் ‘தரைமீன்’ என்று எழுதலாம். திருக்கை தரையில் படுத்தே கிடந்தாலும் அந்தப் பட்டியலில் ‘டெமர்சல்’ பக்கம்தான் இருக்கும். எழும்பி நீந்தக்கூடியது என்பதே காரணம்.